இன்னும் ஒரே ஒரு இழுப்பு, மாப்பிள்ளை!

“மாப்...!”

மேலே கேட்டது அவ்வளவுதான். மிச்சமிருந்த ‘பிள்ளை’ தண்ணீருக்குள் போய்க் குமிழியாக வெடித்தது.

மாப்பிள்ளை கைகளைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

நீர்த்தேக்கத்தின் நட்ட நடு. பட்டப்பகல். சாட்சி சொல்லக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று சூரியன்கூட ஒரு மேகத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது.

மாமனாருக்கு நீச்சல் தெரியாது. மாமியார் ஊரெல்லாம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்ட விஷயம் அது.

என்ன பாவம் செய்தார் மனிதர்?

காலையில் கடைத்தெருவில் ஒரு பெண்ணைப் பார்த்தார். அவள் இடுப்பில் இருந்த குழந்தை ‘அப்பா!’ என்று ஒருவனிடம் தாவியது. அந்த ஒருவன்... அவருடைய சொந்த மாப்பிள்ளை!

“சாயங்காலம் எம் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்” என்றார், படகை ஓட்டிக்கொண்டே.

கரையில் நின்று சொல்லியிருக்கலாம்.

இனி என்ன? கரைக்குப் போக வேண்டியது. ‘மாமாவா? என்னோட வரவே இல்லியே!’ என்று கண்ணைக் கசக்க வேண்டியது.

ஆனால்...

மோட்டார் நின்றுவிட்டிருந்தது! அவர் விழுந்த அதே நொடியில், துக்கம் காப்பது போல.

மாப்பிள்ளை இழுகயிற்றைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தான். தோள்பட்டைதான் அசைந்தது. துடுப்பு? அதைப் பிடித்துக்கொண்டுதான் மாமனார் போயிருந்தார்.

ஊஊஊம்...!

அணையின் சங்கு. மதகைத் திறக்கப் போகிறார்கள்!

படகு மெல்ல... மிக மெல்ல... அணைப் பக்கமாக நகர ஆரம்பித்தது. அங்கே தண்ணீர் பனைமர உயரத்திலிருந்து பாறைமேல் விழும். விழுந்தவர்கள் யாரும் திரும்பி வந்து எப்படி இருந்தது என்று சொன்னதில்லை.

உதவிக்குக் கத்தலாமா? போலீஸ் படகு வரும். வருகிற நேரம் பார்த்து மாமனார் மிதந்து வந்து தொலைத்தால்?

மோட்டாரின் மூடியில், ரிப்பேர் செய்த மெக்கானிக்கின் போன் நம்பர் பெயிண்டால் எழுதியிருந்தது. செல்லை எடுத்தான்.

“ஹலோ, மெக்கானிக்கா? மோட்டார் கிளம்ப மாட்டேங்குது!”

“அதுக்கு எப்பவுமே காலையில எழுப்புற பிள்ளை மாதிரி கொஞ்சம் முரண்டு உண்டு சார். கெஞ்சணும். எங்க இருக்கீங்க?”

“நடுத் தண்ணியில! மதகைத் திறக்குறாங்க!”

“அய்யய்யோ! போலீஸ் படகை அனுப்பச் சொல்லவா?”

“வேணாம்!”

“ஏன் சார்?”

“எனக்கு... போலீஸ்னா அலர்ஜி!”

“சரி, சரி. கயிறு இழுக்க வருதா?”

“வரவே இல்ல!”

“ஓடுறப்பவே நின்னிருக்கும். கியர்ல மாட்டிக்கிட்டிருக்கு. கியர் கம்பியை நடுவுக்குத் தள்ளுங்க.”

தள்ளினான். இழுத்தான். கயிறு வந்தது! மோட்டார் வரவில்லை.

“டேங்க் மூடியில காத்துத் திருகு இருக்கும். திறந்திருக்கா?”

“திறந்திருக்கு!”

“பெட்ரோல் குழாய் நடுவுல ரப்பர் குமிழ். அதைக் கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் அமுக்குங்க.”

அமுக்கினான். மாமனாரின் குரல்வளையாக நினைத்து அமுக்கினான். இழுத்தான்.

கொர்ர்... அவ்வளவுதான்.

தூரத்தில் ஓர் இரைச்சல்! மதகு திறந்துவிட்டது. படகு இப்போது மெல்ல நகரவில்லை. நடந்தது.

“பெட்ரோல் வாடை அடிக்குது! சீக்கிரம் சொல்லுய்யா!”

“சோக்கை இழுத்தே வச்சிருக்கீங்களா? மோட்டார் மூக்கு முட்டப் பெட்ரோல் குடிச்சிருக்கு சார். சோக்கை உள்ள தள்ளுங்க. ஆக்ஸிலேட்டரை முழுசாத் திருப்பிக்கிட்டு விடாம இழுங்க.”

இழுத்தான்... இழுத்தான்... உள்ளங்கைத் தோல் உரிந்தது. சட்டை கிழிந்தது. குலதெய்வத்தைக் கூப்பிட்டான். அதுவும் நாட் ரீச்சபிள்.

“செத்துடுவேன் போலிருக்குய்யா!”

“சாகுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு. பெட்டியில ஸ்பேனர் இருக்கும். பிளக்கைக் கழட்டுங்க. துடைச்சு, வயர்ல மாட்டி, இரும்புல ஒட்ட வச்சு இழுங்க. பொறி பறக்குதான்னு பாருங்க. பெட்ரோல் சிந்தின பக்கம் வேணாம். அப்புறம் நீங்களே பறந்துடுவீங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினான். துடைத்தான். இழுத்தான்.

“பொறியே இல்ல!”

“இல்லியா? அப்ப கோளாறு பெட்ரோல்ல இல்ல சார். கரெண்ட்ல... ஒரு நிமிஷம் லைன்ல இருங்க. கடைக்கு ஒரு கஸ்டமர் வந்திருக்காரு.”

“இப்பவா கஸ்டமர்? யோவ்!”

போனில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். குசுகுசுவென்று பேச்சு. யாரோ ஓடும் காலடி.

ஒரு நிமிஷம் ஒரு யுகமாக நீண்டது. யாரோ திரும்பி ஓடிவரும் காலடிகள். இப்போது நிறையக் கால்கள். படகு ஓட ஆரம்பித்திருந்தது. தண்ணீர்ப் புகை முகத்தில் அடித்தது!

“சார்... இருக்கீங்களா?” மெக்கானிக்கின் குரல் ஏனோ குழைந்திருந்தது.

“இன்னும் இருக்கேன்!”

“முதல்ல பிளக்கைத் திரும்ப முடுக்குங்க. முடுக்கியாச்சா? இப்பப் பாருங்க, மோட்டார் முகப்புல ஒரு சிவப்பு பட்டன். அதுக்குப் பின்னாடி ஒரு கிளிப் மாட்டியிருக்கணும். கிளிப்புல ஒரு சிவப்பு சுருள் கயிறு. இருக்கா?”

பார்த்தான். பட்டன் மட்டும் இருந்தது.

“இல்ல!”

“அது இல்லேன்னா வருஷம் பூரா இழுத்தாலும் பொறி வராது. அந்தக் கயிறை ஓட்டுறவர் மணிக்கட்டுல மாட்டிக்குவார். அவர் தவறி விழுந்தா கிளிப் பிடுங்கிக்கும். மோட்டார் அங்கேயே நின்னுடும். ஓட்டுனவர் இல்லாம படகு போகக்கூடாது பாருங்க... அதுக்குத்தான்.”

மாப்பிள்ளை, மாமனார் முழுகிய பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“வேற... வேற வழி?”

“இருக்கு. சின்ன தந்திரம்தான். ஆனா கயிறு எங்க போச்சுன்னு தெரியணுமே சார்?”

“தொலைஞ்சு போச்சு!”

“அது தானா தொலையாது. யார் கையிலயாவதுதான் இருக்கும்.”

“தந்திரத்தைச் சொல்லுய்யா! அருவி தெரியுது!”

“கயிறு யார் கையில சார்?”

“உன் காலைப் பிடிக்கிறேன்யா!”

“போன்ல எப்படிப் பிடிப்பீங்க? யார் கையில?”

படகு ஒரு சுற்றுச் சுற்றியது. பாறை தெரிந்தது. பாறைக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை!

“என் மாமனார் கையில! போதுமா? நான்தான் தள்ளிவிட்டேன்! கயிறோட முழுகிட்டார்! போதுமா? இப்பச் சொல்லுடா!”

மறுமுனையில் மெக்கானிக் யாரிடமோ கேட்டான்.

“ஐயா, காதுல விழுந்துதுங்களா?”

“ஒரு காதுல இன்னும் தண்ணி நிக்குது தம்பி. இன்னொரு காதுல ஸ்பஷ்டமா விழுந்துது.”

அந்தக் குரல்...!

“மா... மாமா! உங்களுக்கு நீச்சல் தெரியாதே!”

“தெரியும்னு சொன்னா பிள்ளைங்களை நீச்சலுக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்கன்னு உங்க அத்தை தொல்லை பண்ணுவா. ஞாயித்துக்கிழமைத் தூக்கம் போயிடும். முப்பது வருஷமாக் கட்டிக்காத்த பொய், மாப்பிள்ளை! இன்னிக்கு உங்களால வெளிய வந்துடுச்சு. பாதித் தூரம் நீந்தினேன், மீதிக்கு மீன் பிடிக்கிறவர் ஒருத்தர் படகுல ஏத்திக்கிட்டு வந்து, துறையில இந்தக் கடை வாசல்லயே இறக்கிவிட்டார்.”

“மாமா, தெரியாம...”

“இன்ஸ்பெக்டரும் இங்கதான் இருக்கார். ஸ்டேஷன் பக்கத்துக் கட்டடம்தான், ஓடிப்போய்க் கூட்டியாந்தாங்க. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கு.”

“நானும்தாங்க இருக்கேன்” என்றது ஒரு பெண்குரல். மனைவி! அவ்வளவு இனிமையாக அவள் பேசி அவன் கேட்டதே இல்லை. “அப்பாவைக் கூட்டிட்டுப் போகத் துறைக்கு வந்தேன். அந்தக் குழந்தைக்கு என்ன வயசாகுதுங்க?”

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். அருவிதான் பேசியது.

“கேட்டது கிடைச்சுது. சொன்ன சொல் மாறக்கூடாது” என்றான் மெக்கானிக். “ஷூ லேஸை அவிழுங்க சார். கிளிப் இருந்த இடத்துல, பட்டனுக்குப் பின்னாடி இறுக்கிச் சுத்தி முடிச்சுப் போடுங்க. பட்டன் வெளியவே நிக்கணும். ஆச்சா? இப்ப இன்னும் ஒரே ஒரு இழுப்பு!”

இழுத்தான்.

டுர்ர்ர்ர்...!

கிளம்பிவிட்டது! படகு அருவியின் உதட்டிலிருந்து திமிறித் திரும்பியது. அவன் அழுதான், சிரித்தான், மோட்டாரை முத்தமிட்டு உதட்டைச் சுட்டுக்கொண்டான்.

கரை நெருங்கியது.

படகுத்துறையின் வலது கோடியில் இன்ஸ்பெக்டர் விலங்கோடு நின்றார். இடது கோடியில் மனைவி, வெறும் கையோடு, சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

படகை வலது பக்கமாகத் திருப்பி... ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கினான்!