நகர்ந்தது, நகர்த்தினேன்

ஆகஸ்டு இருபத்தொன்று, புதன்கிழமை. என் காரின் பின்கியர் மூன்று வாரங்களாக விழவில்லை. இரண்டு பட்டறைகள் பிரித்துப் பார்த்துவிட்டு, பழுதே இல்லையென்று எழுதிக் கொடுத்து என்னை அவமதித்தன. முப்பத்து நான்கு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். இல்லாத பழுதை இருப்பதாகச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை என்று மூன்றாம் பட்டறையில் உரத்துச் சொன்னேன்.

அது ரயில் பாதையை ஒட்டிய பழைய தகரக் கொட்டகை. உச்சி வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் இருண்டது. கியர் எண்ணெயின் கந்தக நெடி தொண்டையில் படிந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. காரின் முகம் சுவரைப் பார்க்க, பின்புறம் வாசலைப் பார்க்க நிறுத்தினேன்.

கியர்பெட்டி வேலையில் கைதேர்ந்தவர் என்பதால் அந்த மெக்கானிக்கைப் பெட்டிக்காரர் என்றே அழைத்தார்கள். வாசலோரம் மேசை போட்டு வண்டிகளின் விவர அட்டையை எழுதுபவர் அவருடைய மனைவி.

“முன்கியருக்கெல்லாம் பல்லை இணக்கிவிட உள்ளே ஒரு வளையம் இருக்கு சார். பின்கியருக்கு அது கிடையாது. கிளட்சை மிதிச்சு, மூணு எண்ணிட்டுப் போடணும். கொஞ்சம் மானஸ்தன். அவசரப்படுத்தினா பல்லைக் கடிப்பான்,” என்றார் பெட்டிக்காரர்.

“உங்களை மாதிரின்னு சொல்லுங்க,” என்றார் மனைவி.

“கடிக்க எனக்கு எங்கடி பல்லு இருக்கு?”

கிளட்ச் கம்பியை இறுக்கினார். கியர்த்தடியின் மூட்டுகளுக்கு மசகு வைத்தார். அமர்ந்து போட்டார்; சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோல் விழுந்தது. பிறகு நான் அமர்ந்தேன். மிதித்தேன். மூன்று எண்ணினேன்.

விழவில்லை.

“இன்ஜினை அணைச்சுட்டுப் போடுங்க. சுத்தாத பல்லு முரண்டு பிடிக்காது.”

அணைத்தேன். அப்போதும் விழவில்லை. இரும்பில் இரும்பு முட்டும் முட்டன்று அது. தடியின் மறுமுனையில் யாரோ உள்ளங்கையை வைத்து, மெல்லத் திருப்பித் தள்ளுவதுபோல் இருந்தது.

மரியாதையாகத் தள்ளுவதுபோல்.

அந்த நேரத்தில் அம்மையார் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். ‘வண்டிக்கு பின்னால் ஆள் நிற்கிறார்’ என்று எழுதியிருந்தது. வல்லினம் மிகும் இடம். சிவப்புப் பேனாவை எடுத்து, விடுபட்ட ‘ப்’பைச் செருகி வட்டமும் இட்டேன்.

பிறகுதான் பொருளைப் படித்தேன்.

கண்ணாடியில் பார்த்தேன். காலி வாசல். வெயில்.

“யார் சார் அவர்?” அம்மையாரின் குரல் தாழ்ந்திருந்தது. “காக்கிச் சட்டை. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டே நிக்கிறார். உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“தெரியாது அம்மா,” என்றேன்.

தெரியும்.

எங்கள் பள்ளியில் மணி அடித்தவர். மாலைதோறும் என் வண்டிக்குப் பின்னால் நின்று, “வரலாம் சார், வரலாம்” என்று வழி காட்டுவார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, மதிலுக்கும் வண்டிக்கும் இடையே நின்றுகொண்டு, “போதும் சார், போதும்!” என்று கத்தினார். கடைநிலை ஊழியர் ஒருவர் எனக்குப் போதும் என்று சொல்வதா என்று சினம் வந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

விசாரணைத் தாளில் என் கையால் எழுதினேன்: ‘கியர் பழுதினால் வண்டி பின்னோக்கி நகர்ந்தது. ஊழியர் கவனக்குறைவாக நின்றிருந்தார்.’ நகர்ந்தது என்பது தன்வினை. நகர்த்தினேன் என்பது பிறவினை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வேறுபாடு. ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லாத அந்த வாக்கியத்தை எல்லோரும் நம்பினார்கள். இறந்தவரின் மனைவி மட்டும் பள்ளி வாசலில் வந்து நின்றார்.

“அவர் கவனமில்லாம நிக்கிற ஆளா சார்? குடிச்சிருந்தார்னு வாய்க்கு வந்ததைப் பேசுறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

அன்று வண்டியில் பழுதே இல்லை. நான் எழுதிய பழுதுதான் இப்போது வந்திருக்கிறது.

பெட்டிக்காரரே வண்டியை வெளியே எடுத்துக் கொடுத்தார். திரும்பிப் பாராமல் வீடு வந்தேன். பிற்பகலில் அம்மையார் தொலைபேசியில் கிசுகிசுத்தார்.

“வண்டியை எடுத்துட்டுப் போனீங்க, அவரை விட்டுட்டுப் போயிட்டீங்களே சார். அங்கேயேதான் நிக்கிறார். என் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியலையாம். எனக்குப் பயமா இருக்கு.”

“உட்காரச் சொல்லுங்கள் அம்மா,” என்றேன்.

“சொல்லிட்டேன். ‘சார் வர்ற நேரம், எப்படிம்மா உக்கார்றது’ன்னு கேக்கிறார்.”

மறுநாள், திருத்திய வாக்குமூலத்தோடு கல்வி அலுவலகத்துக்குப் போனேன். “மூடின கோப்பை ஏன் சார் கிளறுறீங்க? வயசான காலத்துல வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறீங்களே!” என்று சிரித்துக்கொண்டே எழுத்தர் தாளைத் திருப்பித் தந்தார். மணி அடித்தவரின் வீட்டு வாசல்வரை இரண்டு முறை போய்வந்தேன். கதவைத் தட்டவில்லை. தட்டவில்லை என்று எழுதுவதற்கும் கூசுகிறது.

இன்று பதினொன்றாம் நாள். விடியற்காலையிலிருந்து மழை. அம்மையார் மீண்டும் அழைத்தார்.

“வாசல் பூரா தண்ணி சார். ரெண்டு பாதம் அளவுக்கு மட்டும் தரை காஞ்சு கெடக்கு. இப்ப என் வீட்டுக்காரரும் பாத்துட்டார்.”

வாசகரே, ஆறுதல் சொல்லி எனக்குக் கடிதம் எழுத வேண்டா. இந்தத் தாளைக் கீழே வைக்குமுன், நீங்கள் இருக்கும் இடத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘அவர் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றார். தலைமையாசிரியர்தான் வண்டியை நகர்த்தினார்.’ எழுவாயை விழுங்காமல் சொல்லுங்கள்.