பன்னிரண்டு குனிந்த தலைகள்

இந்த நகரத்தில் தலை நிமிர்ந்து நிற்கும் கடைசி மனிதன் தான்தான் என்பதில் ஓவியனுக்கு எள்ளளவும் ஐயமில்லை. மற்றவர்கள் கைபேசிக்குக் குனிந்து குனிந்து கழுத்து தேய்ந்த இனம். அவர்களைத்தான் அச்செடுப்பதற்காக மரப்பலகையில் செதுக்கியிருந்தான். பேருந்து நிறுத்தம். பதின்மூன்று பேர். நிமிர்ந்திருந்த ஒரே தலை அவன் மனைவியுடையது. தினமும் அங்கே நிற்கும் அவளும் குனிகிறவள்தான்; படத்தில் மட்டும் நிமிர்த்தியிருந்தான்.

"எல்லாரும் குனிஞ்சே நிக்கிறாங்கன்னா ஏதாவது காரணம் இருக்கும்ங்க" என்றாள், வேலைக்குக் கிளம்பும்போது.

கழுத்துவலித் தைலக் கம்பெனிக்காரனைக் கேட்டால் காரணம் சொல்வான் என்றான். பயந்தாங்கொள்ளி என்றான். இன்று ஒரு நாள் நிமிர்ந்து நின்று காட்டச் சொன்னான். நச்சரிப்பு ஓய்ந்தால் போதுமென்று ஒப்புக்கொண்டு போனாள்.

மையை உருட்டி, தாளை விரித்து, கரண்டியின் முதுகால் நிதானமாகத் தேய்த்து, ஓரத்தைப் பிடித்து உரித்தான். வெள்ளை வானத்தில் கட்டைவிரல் அளவு கறுப்பு. வானம் முழுவதையும் உளியால் தோண்டி எடுத்திருந்தான். தோண்டிய இடத்தில் மை ஏறாது. பலகையைத் தடவிப் பார்த்தான். பள்ளம் அப்படியே இருந்தது. விரலில் மை ஒட்டவில்லை.

இரண்டாம் தாளில் கறுப்புக்குக் கழுத்து முளைத்திருந்தது. மூன்றாவதில் அது வளைந்து, நிமிர்ந்த அந்த ஒரு முகத்துக்கு நேர் மேலே நின்றது. தாள் உரியும் ஓசை, உரித்து முடித்த பிறகும் அறையில் கேட்டது.

அவளைக் கைபேசியில் அழைத்தான்.

"குனி. உடனே குனி."

"பாத்துட்டேங்க" என்றாள்.

பிறகு மறுமுனையில் ஏதோ உரிந்தது. மெதுவாக. ஓரத்திலிருந்து.

ஓடினான். பத்து மணி வெயில். நிறுத்தத்தில் பன்னிரண்டு பேர். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி. யாரும் நெருங்கி நின்று அதை நிரப்பவில்லை.

"புதுசா?" என்றார் பக்கத்தில் நின்றவர், தலையைத் தூக்காமல். "போன் இல்லன்னா கைரேகையையாவது பாருங்க சார்."

இடைவெளியில் நின்றான். குனிந்தான். கைபேசித் திரை அணைந்திருந்தது. அந்தக் கறுப்பில் அவன் முகம். அதற்கு மேல், வளைந்து இறங்கும் ஒரு கழுத்து.

"ஏங்க" என்றாள் மனைவி, வெகு உயரத்திலிருந்து. "கொஞ்சம் நிமிருங்களேன்."

அணைந்த திரையை அவன் விரலால் தள்ளிக்கொண்டே நின்றான்.