நாடியை மறுத்தவள்

அன்று அந்தப் பிசியோதெரபி கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். சன்னலோரச் சுழல்நாற்காலியில் தலைமை மருத்துவர். நோயாளிக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டபடி மூத்த பிசியோ. வாசலருகே முக்காலியில் வரவேற்பு அக்கா. நாற்காலி கிடைக்காமல், உடற்பயிற்சிப் பந்தின்மேல் இளைய பிசியோவான அவள். உட்கார இடமே இல்லாமல், சீன மருத்துவத்தின் சக்திநாளப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நின்றவன், வேலை கேட்டு வந்த அவன்.

மழையில் நனைந்து வந்திருந்தான். இமையோரம் ஒரு துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"தோள் இறுகினவங்களுக்கு முதல்ல இந்த நாளத்தோட வழியில நான் அழுத்தம் கொடுக்கறேன். அப்புறம் நீங்க பயிற்சி கொடுங்க. கை அடம்பிடிக்காது," என்றான்.

துளியையே பார்த்திருந்தவளுக்குப் பந்து நழுவியது. சட்டென்று மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். பழக்கதோஷம்... மூன்று விரல்களும் நாடியில் போய் உட்கார்ந்தன.

"அட, என்னங்க நாடி இப்படி ஓடுது! பயந்துட்டீங்களா?"

"பந்து உருண்டதுக்கா, ஆளைப் பார்த்ததுக்கா?" என்றார் மூத்த பிசியோ. கூடமே சிரித்தது.

அவளுக்குக் காதுமடல் வரை சுட்டது.

"நாடியாவது நாளமாவது! என் துடிப்பு எப்பவும் போலத்தான் இருக்கு. இதுகூடத் தெரியாதவரை நம்பி நோயாளியைத் தொட விடலாமா, சார்?"

சிரிப்பு நின்றது.

"தப்பாப் பார்த்திருப்பேன்... மன்னிச்சுக்குங்க." படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். வேலையும் அவனோடு போயிற்று.

"ஏன்டி, உன் கழுத்துல துடிச்சது வாசல் வரைக்கும் தெரிஞ்சுதே! அந்தப் பிள்ளை பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே," என்றாள் அக்கா.

அவள் கூனிக் குறுகிப்போனாள். பொய் சொன்ன வாயில் அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை தலைமை மருத்துவரின் கதவைத் தட்டினாள்.

"சார், அவர் பார்த்தது சரி. நான்தான் பொய் சொன்னேன்."

"ஏம்மா?"

"வெட்கம், சார்..."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "அப்போ அவரைக் கூப்பிடறதையும் நீயே செய்."

தொலைபேசியில் அவன் 'ஹலோ' என்றதும் வைத்துவிட்டாள். எழுதத்தான் வேண்டும். விண்ணப்பத்தில் முகவரி இருந்தது.

'மதிப்பிற்குரியவருக்கு' என்று தொடங்கி, அடித்துவிட்டு எழுதினாள்:

"அன்று என் நாடி ஓடியது உண்மை. பயத்தால் அல்ல, உங்களால். நாலு பேர் சிரித்ததும் என் மானத்தைக் காக்க உங்கள் தொழிலை அவமதித்தேன். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வேலை உங்களுக்குத்தான். அதற்கு வர உங்களுக்கு என்னைப் பிடித்திருக்க வேண்டியதில்லை. எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது... அவ்வளவுதான்."

கடைசி வரியை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனாள்... மூடி வைத்தாள். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள். மனம் மாறுவதற்குள் தூறலில் ஓடி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டாள்.

போட்ட பிறகுதான், கையில் குடை இருந்ததே நினைவுக்கு வந்தது.