வயிற்று முடி

காலையில் குடித்த எலும்புச் சாற்றில் ஒரு முடி கிடந்தது. பெர்மெட் அதை விரல் நுனியால் வழித்தெடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு விரல் நீளம், கருகருவென்று, கொதிக்கிற சாற்றில் கிடந்தும் பிசுக்குப் போகாமல் இருந்தது. மாமியார் உல்ஜானின் தலை முழுக்க நரை. ஓரகத்தி ஜிபார் செம்பட்டைச் சாயம் பூசியவள். பெர்மெட்டின் பின்னலோ இடுப்பைத் தொடும். யாருடையதாகவும் இல்லாத அந்த முடியை அவள் கணப்பு அடுப்பில் போட்டாள். அது பொசுங்கிய நாற்றம் அவளுக்குத் தெரிந்த நாற்றம். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் ஆபரேஷன் மேசையில் கிடந்தபோது, பச்சைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்ததும் இதேதான்.

நாற்பது நாளாகிறது. அண்ணன் மனைவி பெர்மெட்டும் தம்பி மனைவி ஜிபாரும் ஒரே நாளில் நரின் ஆஸ்பத்திரிக்கு ஒரே காரில் போனார்கள். ஜிபார் ஒரு பையனோடு திரும்பினாள். பெர்மெட் அடிவயிற்றில் ஒரு தையலோடும், இடது சினைப்பை இல்லாமலும் திரும்பினாள்.

"கட்டிக்குள்ள தலைமுடி இருந்துச்சும்மா. ஒரு பல்லும் இருந்துச்சு. பயப்படாதே, சில பேருக்கு இப்படி வளரும். கெட்ட கட்டி இல்ல. வலது பக்கம் நல்லாத்தான் இருக்கு, குழந்தை பிறக்கும்," என்றாள் டாக்டரம்மா.

பெர்மெட் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "முடி என்ன நிறம்?"

"கறுப்பு," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

இந்த நாற்பது நாளில் ஜிபார் ஒருதரம்கூடக் குழந்தையை அவள் கையில் தரவில்லை. "மூணு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல அக்கா? இவன் அஞ்சு கிலோ குண்டன்!" என்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கண்ணேறு மணியைக் குழந்தையின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டுவாள். பெர்மெட் அறைக்குள் வந்தால் மட்டும் கட்டுவாள். அது தெரியாத அளவுக்கு பெர்மெட் ஒன்றும் மக்கு இல்லை. வயிறெரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? பால் குடிக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டால் தலையணையைக் காதில் அமுக்கிக்கொள்வாள்.

மதியம் உறவுப் பெண்கள் வந்தார்கள். போர்சோக் அப்பம் பொரிந்த எண்ணெய் வாசனை வீடெல்லாம். குழந்தை தாலாயின் வயிற்று முடியை, அதாவது தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்த முடியை, உல்ஜான் மழித்து வெள்ளைத் துணியில் முடிந்தாள். பிறகு மரக்கரண்டி கை மாறிக் கை மாறிப் போனது. குழந்தையின் நாற்பதாம் நாள் குளியலுக்கு, ஒரு கிண்ணத்தில், நாற்பது கரண்டி வெந்நீர். கரண்டி பெர்மெட்டிடம் வரும்போது ஜிபார் குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"அக்கா குனிய வேணாம், தையல் பிரிஞ்சிரும்."

நாற்பதாவது கரண்டியை ஊற்றி உல்ஜான் சொன்னாள்: "நாப்பது நெறஞ்சுது. வழியில நிக்கிறவனே, வீட்டுக்குள்ள வா."

பெர்மெட் சமையலறைக்குப் போனாள். எனக்கும் இன்றைக்குத்தான் நாற்பது என்று நினைத்தாள். எனக்குள்ளும் ஒன்றுக்கு முடி முளைத்தது, பல் முளைத்தது. அதற்கு யார் ஊற்றினார்கள்? அழுகையும் ஆங்காரமுமாகக் காலிக் கிண்ணத்தில், அதே கரண்டியால், எண்ணி எண்ணி வெந்நீர் ஊற்றினாள். நாற்பது. மாமியாரின் வார்த்தைகளையும் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். பிறகுதான் கிண்ணத்தைப் பார்த்தாள்.

அதில் தண்ணீர் இல்லை. அடியில் ஈரம் மட்டும் இருந்தது. விளிம்பில் இரண்டு முடிகள், வெளிப்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

நாலு மணிக்கு விருந்தாளிகள் கிளம்பினார்கள். உல்ஜான் அவர்களை வழியனுப்ப வாசலுக்குப் போனாள். பனி பெய்யும் நாளின் வெளிச்சம் அதற்குள் சாம்பல் பூத்துவிட்டது. கணப்புச் சுவர் இருக்கும் அறை பெர்மெட்டுடையது என்பதால், குழந்தையை முதல்முறையாகப் படுக்க வைக்க மரத்தொட்டிலை அங்கேதான் தயாராக வைத்திருந்தார்கள். மேல் கம்பில் ஏழு போர்வைகள், ஒன்றின்மேல் ஒன்றாகத் தரைவரை தொங்கின. அவள் கட்டிலில் சாய்ந்து வயிற்றுப் பட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். கணப்பில் கரி சரிந்தது. ஆற்றங்கரையில் ஏதோ நாய் குரைத்து ஓய்ந்தது. அந்த அமைதிக்கு அடியில், மெதுவாக, விட்டு விட்டு, ஒரு சப்புக்கொட்டும் சத்தம்.

தொட்டிலுக்குள்ளிருந்து.

அதற்குள் படுக்க வைத்துவிட்டார்களா? சொல்லக்கூட இல்லையே என்று முதலில் கோபம்தான் வந்தது. யாரும் பார்க்கவில்லை, ஒரே ஒரு தரம் தொட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. எழுந்து போய், போர்வைகளுக்கு இடையில் வலது கையை நுழைத்தாள்.

வெதுவெதுப்பு. ஈரம்.

அப்போது எதிர் அறையில் தாலாய் வீரிட்டு அழுதான். திறந்திருந்த கதவு வழியாக ஜிபார் அவனைத் தோளில் போட்டுத் தட்டுவது தெரிந்தது. மழித்த தலை பளபளத்தது.

பெர்மெட்டின் கைக்குள் முடி இருந்தது.

நிறைய முடி. பிசுபிசுவென்று. விரல்களில் சுற்றிக்கொண்டது. உள்ளே ஏதோ திரும்பியது. அவள் சுட்டுவிரலைத் தேடிப் பிடித்து வாய்க்குள் இழுத்தது. ஈறு. ஈறு. ஒரே ஒரு பல்.

கையை வெளியே இழுத்தாள். வரவில்லை. தாலாய் மறுபடி அழுதான். அந்த அழுகை கேட்டதும் பல் இறுகியது. அழுகை நின்றதும் தளர்ந்தது. மறுபடி அழுகை. மறுபடி இறுக்கம், எலும்பு வரைக்கும். அந்த எரிச்சல் அவளுக்குப் புரிந்தது. நாற்பது நாளாகத் தலையணைக்கடியில் அவள் பற்களைக் கடித்ததும் இப்படித்தான். பெற்றவள் குணம்.

"அக்கா."

ஜிபார் அறை வாசற்படியில் குழந்தையோடு நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சமையல்கட்டுல நீங்க அழுததைப் பார்த்தேன். மன்னிச்சிருங்க அக்கா. கண்ணு பட்டுருமோன்னு பயம், அதான் உங்ககிட்ட குடுக்கல. நான் ஒரு பைத்தியக்காரி. நீங்களே உங்க கையால இவனைத் தொட்டில்ல போடுங்க."

வேண்டாம். ஓடு. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடு. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் நாற்பது நாளாக ஏங்கிய பாரம், பால் வாசனையோடு, இதோ அவளுடைய இடது கையில் வந்து இறங்கியது. ஐந்து கிலோ. தையல் சுரீரென்றது. அவளையும் மீறி அவள் அவனை மார்போடு அணைத்தாள்.

உள்ளே பல் விரலை விட்டுவிட்டது.

"என்னக்கா? தொட்டிலுக்குள்ள என்ன தேடுறீங்க?"

ஏழு போர்வைகளும் உள்ளிருந்து ஒன்றாக உயர்ந்தன. அடியிலிருந்து ஈரக் கறுப்பு முடி சரிந்து வழிந்து, பெர்மெட்டின் முழங்கையைப் பற்றி, மழித்த சின்னத் தலையை நோக்கி ஏறத் தொடங்கியது.