எட்டு பன்னிரண்டுக்கு ஏறியவர்

ஞாயிறு, காலை 9.20.

மாதா கோயிலில் பூசை முடிந்து வீடு திரும்பிய ஆன்தோனெத் மதாம் பீரோவின் மேல்தட்டைத் துழாவினார். தகரப்பெட்டி இருந்தது. அதற்குள் இருந்த பிரெஞ்சு பாஸ்போர்ட்டைக் காணோம். செவ்வாய்க்கிழமை விமானம். இனிமேல் பாரீசில் மகனோடுதான் இருக்கப் போகிறேன் என்று காரைக்கால் முழுக்கச் சொல்லி முடித்தாயிற்று. அவரே டிக்கெட் போட்டு, அழைத்துப் போக மகன் வின்சானையும் வரவழைத்திருந்தார்.

கோயிலுக்குக் கிளம்பும்போதுகூடப் பெட்டியைத் திறந்து பார்த்த நினைவு அவருக்கு நன்றாக இருந்தது. ஆனால் வெளியே கடல் பக்கமிருந்து வந்த பனி தெருவையே விழுங்கியிருந்தது. எதிர்வீடு அங்கேதான் இருக்கிறதா என்பதே சந்தேகம். அந்த வெளுப்பில் நின்று யோசித்தால், பார்த்தது நிஜமா, விடியற்காலைக் கனவா என்று யாருக்குத்தான் குழம்பாது?

9.45. வீட்டில் பத்தொன்பது வருஷமாக வேலை செய்யும் காசியம்மா கூடத்தின் நடுவில் நின்றார். மதாம் கேட்டதற்காக முந்தானையை உதறிக் காட்டியாயிற்று.

வின்சான் சாக்ஸ் காலோடு மொசைக்கில் வழுக்காமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"நீங்க போயிட்டா இந்தம்மாவுக்கு வேலை போயிடும் மம்மா. அதான் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்காங்க. போலீசுக்குச் சொல்லிடலாம்."

"ஐயோ, வேணாம் தம்பி! வியாழக்கிழம எம்மவளுக்கு நிச்சயம். வாசல்ல போலீசு வந்து நின்னா அவள யாரு கட்டிக்குவா?" காசியம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

10.05. வெண்மதி வந்தாள். கோட்டுச்சேரியில் பெண்களுக்கு உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவள். ஞாயிறுதோறும் அளவு நாடாவோடு வந்து மதாமின் இடுப்பு, மார்பு, புஜம் எல்லாம் அளந்து போனில் உள்ள செயலியில் ஏற்றுவாள். எடை விவரங்களை மட்டும் மதாம் வீட்டிலிருக்கும் எடை மெஷினே நேராக அனுப்பிவிடும். இடுப்பு ஒரு அங்குலம் குறைந்ததற்குக் கேசரி கிண்டிக் கொண்டாடிய மதாம் இன்று நாடாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடந்ததைக் கேட்டுவிட்டு வெண்மதி போனைத் திறந்தாள். புருவம் சுருங்கியது.

"மதாம், எட்டு பன்னெண்டுக்கு எங்க இருந்தீங்க?"

"கோயில்ல. பிரசங்கம் நடந்துக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப அறுபத்துமூணு புள்ளி ஒண்ணுன்னு ஒங்க பேர்ல எடை ஏறியிருக்கு. ஒங்க எடைக்குப் பக்கத்துல இருக்குற யாரு ஏறினாலும் நீங்கதான்னு நெனச்சுக்கும் இந்த மெஷின்."

மூவரும் அவள் பின்னாலேயே மதாமின் அறைக்குள் போனார்கள். எடை மெஷின் பீரோவின் காலடியில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது. அதன்மேல் கால் வைக்காமல் பீரோவை நெருங்க முடியாது.

"காசிக்கா, அந்நேரம் எங்க இருந்தீங்க?"

"பின்கட்டுல துணி அலசிக்கிட்டு இருந்தேங்க."

"சார் நீங்க?"

"பீச்சுல நடந்தேன்."

"யாராச்சும் பார்த்தாங்களா?"

"இந்தப் பனியில யார் யாரைப் பார்ப்பாங்க? இந்தம்மாவை ஏறச் சொல்லுங்க, தெரிஞ்சிடும்."

காசியம்மா ஏறினார். 63.4.

"பார்த்தீங்களா மம்மா!"

மதாம் சிலுவை போட்டுக்கொண்டார். காசியம்மா கட்டில் காலைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெண்மதி மட்டும் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சார், ஒப்புக்கு நீங்களும் ஒரு தடவ ஏறிடுங்க."

"எனக்கென்ன?" என்று ஏறினான். 63.2. சிரித்தான். "நானும் அதே எடைதான். இதுல என்னங்க தெரிஞ்சிடப் போவுது?"

"எடையில ஒண்ணும் தெரியாது சார். அதுக்குக் கீழ இருக்குறத யாருமே பார்க்கல." போனை மதாமிடம் நீட்டினாள். "காசிக்கா ஏறினப்ப கொழுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவுன்னு எல்லாம் வந்திருக்கு. எட்டு பன்னெண்டுக்கு எடை மட்டுந்தான். மத்த கட்டமெல்லாம் வெறும் கோடு. இப்ப சார் ஏறினதுக்கும் அதே கோடு."

"அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"வெறும் உள்ளங்கால் பட்டாத்தான் மெஷின் அதையெல்லாம் அளக்கும். நம்ம ஊர்ல வாசல்லயே செருப்பக் கழட்டிட்டு வெறுங்காலோடதான் உள்ள வருவோம். காசிக்கா அப்ப ஏறியிருந்தா ஈரக்காலோடயே ஏறியிருப்பாங்க, எல்லாக் கட்டமும் நெறஞ்சிருக்கும். பாரீஸ் பழக்கத்துல வீட்டுக்குள்ளயும் சாக்ஸோட நடக்குறவர் ஒருத்தர்தான். பாஸ்போர்ட்டை எடுத்தது நீங்கதான், வின்சான் சார்."

வின்சான் தன் கால்களைப் பார்த்தான். பிறகு தன் அறைக்குப் போய்த் தன் பயணப்பெட்டியின் அடித்துணிக்குக் கீழிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்து தாயின் மடியில் வைத்தான்.

"எட்டு மாசமா வேலை இல்ல மம்மா. பொண்டாட்டியும் போயிட்டா. கட்டில் போட்டா நிக்க இடமில்லாத ரூம்ல இருக்கேன். அங்க உங்களை எங்க வெச்சுக்குவேன்? வேண்டாம்னு சொல்ல வாய் வரல."

"அதுக்கு இவ பேரைக் கெடுப்பியாடா பாவி?" மதாமுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

10.50. பனி விலகவேயில்லை. மதாம் காசியம்மாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுடு காசி. நான் எங்கயும் போகல. நீ நாளைக்கு எப்பவும்போல வந்துடு."

காசியம்மா மெதுவாகக் கையை உருவிக்கொண்டார். இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து எடை மெஷினின் மேலேயே வைத்தார்.

"பத்தொம்போது வருசமா ஒங்களுக்குச் சோறாக்கிப் போட்டிருக்கேன் மதாம்மா. நான் எடுக்கலன்னு ஒங்களுக்கு இந்த மெஷினு வந்துதான் சொல்லணுமா?"

இத்தனை வருஷமும் வாசலைத் தாண்டும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுத்தான் காசியம்மா போவார். இன்று செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேன்" என்றார்.