சாதனம் இணங்கவில்லை

கழற்றி வீசிய, துடிப்பை அளக்கும் பட்டை நாற்காலியடியில் கிடக்க, கைப்பேசித் திரையில் இதயத் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு.

அவள் முறைத்தாள். மதியம் முழுக்க அதை நெஞ்சைச் சுற்றிக் கட்டி, ஈரம் தொட்டு வைத்து, அவிழ்த்து, மறுபடி கட்டி, மூச்சுப் பயிற்சிச் செயலியோடு மல்லுக்கட்டியிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: 'சாதனம் இணங்கவில்லை.' இப்போது, யார் உடம்பிலும் இல்லாதபோது, 'இணங்கியது' என்கிறது.

பட்டையை வாங்கி அனுப்பிய தங்கைக்குப் போன் போட்டாள்.

"என்னத்தடி வாங்கி அனுப்பின? நான் கட்டினா வாயத் திறக்க மாட்டேங்குது, தரையில கெடந்தா துடிக்குது!"

"பக்கத்து வீட்டுல யாராச்சும் இதே மாதிரி போட்டிருப்பாங்கக்கா. அதப் புடிச்சிருக்கும். உனக்கெல்லாம் எதுக்கு இது? எரிமலைக்குத் தெர்மாமீட்டர் வெச்ச கதைதான்."

"பல்லக் காட்டாத. சாயங்காலத்துக்குள்ள இந்தத் துடிப்புக் கணக்கு டாக்டருக்குப் போகலன்னா ஸ்டியரிங்க மறந்துட வேண்டியதுதான்."

போன வாரம், பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவளின் கழுத்தில் பின்னாலிருந்து ஒருவன் கை வைத்தான். நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அவன் புகார் கொடுத்தான். நிர்வாகம் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைத்தான் கோபத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னது. மூச்சுப் பயிற்சி செய்து துடிப்பு தணிந்ததை, இந்தச் செயலி வழியாக நிறுவன டாக்டருக்குக் காட்ட வேண்டுமாம். நினைக்கும்போதே காது மடல் சுட்டது.

பக்கத்து வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது என்பதைத் தங்கையிடம் அவள் சொல்லவில்லை.

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: 'இது உங்கள் இதயமா?'

எவன் இதயமாக இருந்தால் என்ன? அவர்களுக்கு வேண்டியது அடங்கிப்போன ஒன்று. "ஆமா, என்னோடதுதான். வெச்சுக்கோங்க" என்று விரல் வலிக்க 'ஆம்' என்பதை அழுத்தினாள். கைப்பேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே வந்து, படுக்கையறைக் கதவை அறைந்து சாத்தினாள்.

'மூச்சை இழுங்கள்' என்றது உள்ளிருந்து செயலியின் இழைந்த குரல். 'நிறுத்துங்கள். விடுங்கள்.'

சமையலறையில் ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் எங்கோ தண்ணீர் இறங்கும் ஓசை. விரல்களில் இன்னும் போகாத ஈர ரப்பர் வாடை. ஜன்னல் திரையின் நிழல் தரையில் நீண்டு, சுருங்கி, நீண்டு, அந்தக் குரலுக்குத் தாளம் போடுவதுபோல அசைந்தது. வேண்டாம் என்று நினைத்தும் அவள் மூச்சு அதன் சொல்படியே போய்வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்தில் கை வைத்தவனின் இளிப்பை வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தாள்.

ஆத்திரம் வரவில்லை.

மறுபடி நினைத்தாள். அந்த விரல்களை. புகாரை. 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்ற மேலாளரை. ஒன்றுமில்லை. காது மடலைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

மணிக்கட்டில் விரல் வைத்தாள். துடிப்பு இல்லை. கழுத்தில். இல்லை. நெஞ்சில் உள்ளங்கையை அழுத்தினாள். காலி வீட்டுச் சுவர்.

'மூச்சை இழுங்கள்.'

இழுத்தாள்.

'நிறுத்துங்கள்.'

நின்றது.

அடுத்த சொல் வரவில்லை. காத்திருந்தாள். நெஞ்சு கனத்தது. வாயைத் திறந்தாள். மூச்சு வெளியே போகவில்லை. உள்ளேயே நின்றது.

படுக்கையறையில் கைப்பேசி அடித்தது. முதல் மணியிலேயே யாரோ எடுத்தார்கள்.

"சொல்லுங்க டாக்டர்."

அவள் குரல். அவளுடையதேதான்.

"ஆமாங்க டாக்டர், இப்ப ரொம்ப அமைதியா இருக்கேன்... ஐயோ, அவர் மேல கோபமெல்லாம் இல்லங்க. கையத்தானே வெச்சாரு. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்." சின்னச் சிரிப்பு. "நாளைக்கு வண்டி எடுக்கறேன்."

பொய் என்று கத்த வேண்டும். கத்த மூச்சு வேண்டும். சுவரைப் பிடித்து நகர்ந்தாள். கதவுக்கு வந்தாள். தள்ளினாள். விரல்கடை இடைவெளி.

அவளுடைய சீருடைச் சட்டை அணிந்த ஒரு முதுகு. சீராக ஏறியது. இறங்கியது. கைகள் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் போட்டுக்கொண்டிருந்தன.