குறிகட்டுவானில் துபாய்

"விலத்துங்கோ... கொஞ்சம் விலத்துங்கோ... ஐயோ, வள்ளம் போகுது!"

அம்பிகை கத்திக்கொண்டிருக்கும்போதே நயினாதீவு வள்ளம் குறிகட்டுவான் துறையை விட்டுப் போய்விட்டது. அவளுக்கும் வள்ளத்துக்கும் நடுவே ஒரு குடை. ஆனி மாதத்துச் சோழகக் காற்று அதைப் பிடுங்கி வெளிப்பக்கமாகத் திருப்பிவிட, பிடித்திருந்த நெட்டையன் பாதையை அடைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினான். இந்தப் பக்கம் பாய்ந்தால் அவனும் இந்தப் பக்கம்... அந்தப் பக்கம் பாய்ந்தால் அவனும் அந்தப் பக்கம்...

"சோழகத்துக்கை குடை விரிக்கிற மனிசனை இண்டைக்குத்தான் பாக்கிறன்! உங்களாலைதான் வள்ளத்தை விட்டனான்."

குடைக்குப் பின்னால் இருந்து ஒரு முகம் வெளியே வந்தது. சும்மா சொல்லக்கூடாது... நல்ல முகம். அதிலும் அந்தக் கண்கள்! வாய் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்க, கண்கள் தம்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தன.

"பிழை என்ரைதான். கனகாலம் குடை தேவைப்படாத ஊரிலை இருந்திட்டன். பழக்கம் விட்டுப் போச்சு."

"அப்பிடி எந்த ஊர்?"

"துபாய். போன கிழமைதான் காரைநகருக்கு வந்தனான். நயினாதீவிலை ஒருத்தரைப் பாக்க வேண்டிக் கிடக்கு..."

அம்பிகை மனசுக்குள் கணக்குப் போட்டாள். துபாய்... நல்ல உயரம்... வெள்ளிக்கிழமை... நயினாதீவு... ஐயோ அம்மாளே, இவன்தான் அக்காவின் மாப்பிள்ளை!

விசயம் இதுதான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அப்பாவின் பதுளைக் கடை எரிந்து, குடும்பம் நாரந்தனைக்குத் திரும்பி வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. அதற்குப் பிறகு அக்கா நாகபூசணிக்கு வந்த முதல் சம்பந்தம் வீட்டுக்கு வந்து பார்த்தது. தேத்தண்ணீர் கொண்டுவந்த அம்பிகையைக் கண்டுவிட்டு, "தங்கச்சி எண்டால் எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டுப் போனது. அன்று அக்கா குசினிக்குள் நின்று அழுத அழுகை இருக்கிறதே... அம்பிகை சாகும்வரை மறக்கமாட்டாள். இப்போது துபாய்ச் சம்பந்தம். அதனால் இந்த முறை வீட்டு வாசலே வேண்டாம் என்று அம்மா அன்னபூரணம் சொல்லிவிட்டாள். கோயிலில், தற்செயலாகக் காண்பதுபோல, ஊர் வழக்கப்படி. ஒருவரை ஒருவர் பேர் கேட்கக்கூடாது. யார் எதற்கு வந்தது என்று வாய் திறக்கக்கூடாது. பார்த்துவிட்டுத் தரகர் பரராசசிங்கத்திடம் மட்டும் சொல்ல வேண்டும். முக்கியமாக, தங்கச்சி மாப்பிள்ளையின் கண்ணிலே படவே கூடாது.

ஆனால் அம்மா அவசரத்தில் அம்மனுக்குச் சாத்த வைத்திருந்த பட்டைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாளே! "ஓடிப்போய்க் குடுத்திட்டு, ஒருத்தற்றை கண்ணிலையும் படாமல் வந்திடு பிள்ளை" என்று அப்பா கலைத்துவிட்டார். பதற்றத்தில் அம்பிகையின் கைக்கு அகப்பட்டது, இன்றைக்கென்று எடுத்து வைத்துக் கடைசி நேரத்தில் அக்கா வேண்டாம் என்று விட்ட கிளிப்பச்சைச் சேலை. அதைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தவள், நேராக வந்து மோதியது இந்தக் குடையில்!

"நீங்கள் எவ்விடம்?" என்றான் அவன்.

"நாரந்தனை."

அவன் பார்வை அவளுடைய சேலைக்குப் போய்த் திரும்பியது. சட்டென்று சிரிப்பு அடங்கிவிட்டது. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட அதிபருக்கு முன்னால் நிற்பவன்போல ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தான்.

இவனுக்கு என்ன வந்தது? அம்பிகைக்கு விளங்கவில்லை. திரும்பிப் போகலாம் என்றால், கையில் பட்டு. பூசைக்கு முன்னம் கொடுத்தாக வேண்டும். அடுத்த வள்ளமோ ஆட்கள் சேர்ந்தால்தான் வெளிக்கிடும். சரி, கண்ணில் பட்டது பட்டாயிற்று... அக்காவைக் கடல் கடந்து கொண்டுபோகப் போகிறவன் எப்படிப்பட்டவன் என்றாவது பார்த்துவிடுவோம் என்று நினைத்தாள்.

"அங்கை என்ன வேலை?"

"ஒரு கொம்பனியிலை கார் ஓடுறன். வெளியிலை இருந்து வாற ஆக்களுக்கு ஊர் சுத்திக் காட்டுறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கார், அரை நாள். எல்லாத்தையும் நானே கதைச்சு விளங்கப்படுத்த வேணும்."

பெரிய கொம்பனி, பெரிய உத்தியோகம் என்றல்லவா தரகர் அளந்தார்! பரவாயில்லை. நேர்மையாகத்தான் சொல்கிறான்.

"அப்ப எனக்கும் சுத்திக் காட்டுங்கோ. அரை நாள் வேண்டாம்... வள்ளம் வருமட்டும். அந்த ஊரிலை ஒரு பொம்பிளைப்பிள்ளை இருக்கலாமோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு மரியாதை. பிறகு உடைந்த குடையை நீட்டிக் கடலைக் காட்டினான்.

"இந்தத் துறை, துபாயின்ரை டேராக் கரை. அங்கை தெரியிற நயினாதீவு, எதிர்க்கரை பர்துபாய். ரெண்டுக்கும் நடுவிலை ஊருக்குள்ளை வந்து கிடக்கிற கடல். பாலம் இருக்கு, ஆனால் சனம் வள்ளத்திலைதான் போகும். ஆப்றா எண்டு பேர். நடுவிலை ஒரு நீளப் பலகை வாங்கு... முதுகும் முதுகும் முட்ட இருக்க வேணும்."

"ஆம்பிளையளோடையோ?"

"பொம்பிளையள் ஏறினால் எல்லாரும் எழும்பி ஒதுங்கி இடம் விடுவினம். அதிலை பயமே இல்லை. இனி வாங்கோ, கரையாலை நடப்பம்."

நடந்தார்கள். அவன் முன்னால், அவள் நாலு முழம் தள்ளிப் பின்னால். கருவாட்டுக் கடகத்தோடு குந்தியிருந்த அந்தோனியம்மாவின் முன்னால் நின்றான்.

"இது சரக்குக் கடைத்தெரு. மூட்டை மூட்டையாய் ஏலம், கறுவா, குங்குமப்பூ, காய்ஞ்ச எலுமிச்சங்காய். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தக் கடைக்கு முன்னாலை நிக்கிறம் எண்டு மூக்குச் சொல்லும்."

"தம்பி, மூக்கைப் பிறகு பாப்பம். கருவாடு வாங்கிறியோ, இல்லாட்டி வெளிச்சத்தை மறைக்காமல் நிக்கிறியோ?" என்றாள் அந்தோனியம்மா.

"இண்டைக்கு வெள்ளி அக்கா... கோயிலுக்குப் போறம்."

போறம்! அம்பிகை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை அடக்க இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அடுத்தது பொன் கடைத்தெரு. பின்னேர வெயில் விழுந்தால் கண் கூசும். ஆனால் நான் கூட்டிக்கொண்டு போறவையை உடனை கடைக்குள்ளை விடமாட்டன். வாசலிலை நிண்டு, காப்புப் போட்டுப் பாக்கிற கையளைப் பாருங்கோ எண்டு சொல்லுவன். ஆபிரிக்காக் கை, ஈரான் கை, பம்பாய்க் கை... எல்லாம் கலியாணப் பொம்பிளையளின்ரை கை. எல்லாம் ஒரே மாதிரித்தான் நடுங்கும்."

அம்பிகை தன் கையைப் பார்த்தாள். பட்டைப் பிடித்திருந்த விரல்கள் இலேசாக... சே, என்ன இது!

பிறகு காற்றுக் கோபுரங்களைக் காட்டினான். பழைய வீடுகளின் தலையில் நாலு பக்கமும் திறந்த கோபுரமாம். எங்கே ஒரு மூச்சுக் காற்று அசைந்தாலும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடுமாம். "எங்கடை சோழகத்தைக் கொண்டுபோய் விட்டால்?" என்று கேட்டாள். "கோபுரத்தைத் தேடிக் கடலுக்கை இறங்க வேணும்" என்றான். எவ்வளவு ஆசையாகச் சொல்கிறான்! பிழைக்கப் போன ஊர்தானே என்று ஒரு சொல்லும் இளக்காரமாக வரவில்லை. தார் வீதியையும் வெறும் திடலையும் தவிர ஒன்றும் இல்லாத குறிகட்டுவான், அவன் குடை நீட்டிய இடமெல்லாம் வேறொரு நகரமாகிக்கொண்டு வந்தது.

"மழை?" என்றாள்.

"வரியத்திலை ரெண்டு மூண்டு தரம் வந்தால் பெரிய காரியம். அண்டைக்கு நான் காரை நிப்பாட்டிப் போடுவன். அரபிப் பிள்ளையள், பட்டாணியர், மலையாளிகள்... எல்லாரும் வெளியிலை வந்து முகத்தை அண்ணாந்துகொண்டு நிப்பினம். ஒருக்கா என்னோடை வந்த வெள்ளைக்காரச் சோடி, 'இதிலை பாக்க என்ன இருக்கு?' எண்டு கேட்டுது. இண்டைக்கு இந்த ஊரிலை பாக்க வேண்டிய இடம் இந்த முகங்கள்தான் எண்டு சொன்னனான்."

சொல்லிவிட்டு அவன் திரும்பிப் பார்த்தான்... அவளும் பார்த்தாள்... அந்த இடத்தில்தான் அம்பிகை விழுந்தாள். கண்ணுக்குள் ஏதோ நனைந்தது. மனசுக்குள்ளே இடி இடித்தது. அக்காவின் மாப்பிள்ளையடி பாவி! அக்காவின் மாப்பிள்ளை!

"த... தனிமையாய் இருக்காதோ?" கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

அவனும் ஏனோ கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இருக்கும். பொய் சொல்லமாட்டன். ஆனால் அங்கை வரப்போறவ தனிய இருக்கமாட்டா. அவவுக்குக் கிடைக்கிறவன் தங்கமான பிள்ளை. அதுக்கு நான் பொறுப்பு."

தன்னைத் தானே எப்படிப் புகழ்கிறான் பார்! வேறு நேரமாக இருந்தால் நன்றாகக் கேட்டிருப்பாள். வள்ளம் வந்துவிட்டது.

வள்ளத்தில் பெண்களுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு இருந்தாள். அவன் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு தரமும் திரும்பவில்லை. அலை அடித்து முகத்தில் தெறித்தது நல்லதாகப் போயிற்று. கண்ணீரையும் கடல் தண்ணீரையும் யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? இன்னொரு முறை அக்கா குசினிக்குள் நின்று அழக்கூடாது. அதுவும் தன்னால்... கூடவே கூடாது.

நயினாதீவுத் துறையில் இறங்கியதும் விறுவிறென்று போய் அவன் முன்னால் நின்றாள்.

"ஒண்டு சொல்ல வேணும். நீங்கள் பாக்க வந்த பொம்பிளை என்ரை அக்கா. நாவல்பழ நிறச் சீலை, அம்மாவோடை நிப்பா. என்னைவிட நூறு மடங்கு நல்லவ. என்னைக் கண்டதை மறந்திட்டு அவவை மட்டும் பாருங்கோ."

அவன் அவளுடைய சேலையை மறுபடியும் பார்த்தான்.

"அப்ப... நீர் பொம்பிளை இல்லையோ?"

"இல்லை! தங்கச்சி."

அவன் சிரிக்கத் தொடங்கினான். சாதாரணச் சிரிப்பா அது? துறைப் படியில் குந்தி, தலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர விழுந்து விழுந்து சிரித்தான். அம்பிகைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நெஞ்சைக் கிழித்துக் கையில் கொடுக்க, அதைப் பார்த்துச் சிரிக்கிறானே!

"நில்லும்... ஒருக்கா நில்லும்..."

அவள் நிற்கவில்லை. கோயிலுக்குள் போய்ப் பட்டை நீட்டினாள். அம்மாவின் முகம் கறுத்தது. "நீயேன் வந்தனி? அதுவும் இந்தச் சீலையோடை! தூணுக்குப் பின்னாலை போய் நில். அசையப்படாது."

தூணின் மறைவில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். தரகர் பரராசசிங்கத்தோடு அவன் வந்தான். அக்கா தலை குனிந்து நின்றாள். பயத்தில் கழுத்து வேர்த்திருந்தது. அவன் அக்காவைப் பார்த்தான், அம்மனைப் பார்த்துக் கும்பிட்டான், தரகரிடம் திருப்தியாகத் தலையாட்டினான்.

அம்மாளே, அக்கா சந்தோசமாய் இருக்கட்டும். எனக்கு ஒண்டும் வேண்டாம்... ஒண்டுமே வேண்டாம்...

"அன்னபூரணம் அக்கா, காரியம் பழம்!" தரகரின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "சிவபாதத்துக்கு இதைவிடத் தோதான பொம்பிளை கிடையாது எண்டு தம்பி சொல்லிப்போட்டான். இண்டைக்கே துபாய்க்குத் தந்தி அடிக்கப் போறானாம்."

"சிவபாதத்துக்கோ? அப்ப இந்தத் தம்பி ஆர்?"

"அட, நான் சொல்லேல்லையே? மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கேல்லை. 'உன்ரை கண்ணாலை பாத்தால் நான் பாத்த மாதிரி' எண்டு சொல்லிச் சினேகிதனை அனுப்பினவர். இவர் குகதாசன். ரெண்டு பேரும் ஒரே அறை."

அம்பிகைக்குத் தூண் சுற்றியது. தூணா, அவளா? இரண்டும்தான்.

குகதாசன் தூணருகே வந்து, மறுபக்கம் நின்றபடியே மெல்லச் சொன்னான். "நாரந்தனை எண்டீர். தரகர் சொல்லி அனுப்பினது கிளிப்பச்சைச் சீலை. நீர்தான் சிவபாதத்தின்ரை பொம்பிளை எண்டு நினைச்சன். அந்த நினைப்பிலைதான் ஊரைச் சுத்திக் காட்டினனான். மழையைப் பற்றிச் சொல்லேக்கை உம்மடை முகத்தைப் பாத்தன் பாரும்... அதோடை நான் விழுந்திட்டன். என்னை நம்பி அனுப்பினவன்ரை பொம்பிளையையே நினைக்கிறனே எண்டு, வள்ளத்திலை கடலுக்கை குதிக்காத குறை. அதாலைதான் அப்பிடிச் சிரிப்பு வந்தது. உம்மைப் பாத்துச் சிரிக்கேல்லை."

அம்பிகை கண்ணைத் துடைத்தாள். பிறகு தூணின் மறைவை விட்டு வெளியே வந்தாள். வெயில் விழுந்த கோயில் உள்வீதியில், அவன் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நின்றாள். "அம்பிகை!" என்று அம்மா பாயப் போக, அக்கா அம்மாவின் கையை எட்டிப் பிடித்தாள். "பேசாமல் இருங்கோ அம்மா. அவளையும் ஒருத்தர் பாக்கட்டும்." அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்கோ," என்றாள் அம்பிகை. "இப்ப வடிவாய்ப் பாருங்கோ."

துபாய் முழுவதையும் வாயாலே கட்டி எழுப்பியவன் கையிலிருந்த குடையை நழுவவிட்டான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அக்காவின்ரை கலியாணம் முடியட்டும். பிறகு எவ்வளவு காலமெண்டாலும் காத்திருப்பன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"ஓம்..." என்றான் குகதாசன். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, அம்மாவுக்கும் அக்காவுக்கும் தரகருக்கும் கேட்கும்படியாகவே சொன்னான். "இனி ஆர் கேட்டாலும் நான் பொம்பிளை பாக்கப் போகமாட்டன். நான் பாத்திட்டன்."